நாலு நாள் சீனியாரிட்டி

நாலு நாளில் என்ன குடி முழுகிவிடப் போகிறது என்றுதான் பிரிசில்லா நினைத்தாள். இருபது வயசில் யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். நாலு நாள் என்பது ஒரு சளி பிடித்து விடுகிற நேரம். அதைப் போய் எட்டு வருஷம் சுமக்க வேண்டியிருக்கும் என்று எந்தப் பொண்ணுக்குத் தோன்றும்?

நடந்தது 2004-ல். ஆசிரியர் பயிற்சி முடித்து மார்க் ஷீட் கைக்கு வந்த வாரம். அப்போதெல்லாம் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிற அரசாங்க வாத்தியார் வேலைக்குப் பரீட்சை கிரீட்சை கிடையாது. கடலூரில் இருக்கிற எம்ப்ளாய்மெண்ட் ஆபீசில் போய்ப் பெயரைப் பதிய வேண்டும். பதிந்த தேதிதான் எல்லாம். முன்னால் பதிந்தவரை முன்னால் கூப்பிடுவார்கள். ஒரே தேதியில் பதிந்தவர்கள் என்றால் வயசில் மூத்தவருக்கு முதல் இடம். இதற்குப் பெயர் சீனியாரிட்டி. மார்க் ஷீட் வந்ததும் ஜில்லா முழுக்க இருந்து பிள்ளைகள் கடலூருக்கு அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடியது இதனால்தான்.

பிரிசில்லாவின் அப்பா லூர்துசாமிக்கு இந்த சீனியாரிட்டி சங்கதி ரொம்பப் பிடித்துப்போயிருந்தது. அவர் குமராட்சியில் ராமாமிர்தம் என்பவரின் நிலத்தில் கூலிக்குப் போகிறவர். நடவு, வரப்பு வெட்டு, கொள்ளிடத்தில் தண்ணீர் ஏறினால் நெல் மூட்டையைத் தூக்கி மேட்டில் போடுவது, எதற்கும் கூப்பிட்ட குரலுக்கு ஓடுவார். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் பதிவு, கார்டு, ரினியூவல் எல்லாம் டீக்கடையில் கேட்டுக் கேட்டே அவருக்கு அத்துப்படி.

“நான் எந்த லைன்ல நின்னாலும் எவனாச்சும் ஒருத்தன் தள்ளி நில்லுடாம்பான்,” என்று மகளிடம் சொன்னார். “ரேசன்ல சொல்லுவான், ரைஸ் மில்லுல சொல்லுவான். இந்த ஆபீசு லைன்ல மட்டும் யாரு பெத்த புள்ளன்னு கேக்க மாட்டானாம். மொத வந்தா மொத. நீ போயி மொதல்ல நில்லும்மா.”

சாதிச் சான்றிதழ் ஒன்றுதான் பாக்கி இருந்தது. அதற்காக வியாழக்கிழமை கூலியை விட்டுவிட்டுக் காட்டுமன்னார்கோயில் தாலுக்கா ஆபீசில் காலையிலிருந்து சாயந்திரம் வரை உட்கார்ந்து வாங்கிக்கொண்டு வந்தார். வாங்கியதை மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டு சைக்கிள் மிதித்தார். ஆவணி வெயில். வீட்டுக்கு வந்து பிரித்தால் வேர்வை பட்டு ஊதா சீல் ஒரு ஓரமாகக் கொஞ்சம் இழுவியிருந்தது. “பரவால்லப்பா, படிக்க வருது,” என்றாள் பிரிசில்லா. உண்மையிலேயே படிக்க வந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை, செப்டம்பர் மூன்று. விடியற்காலை மினி பஸ் பிடித்துச் சிதம்பரம், அங்கிருந்து கடலூர். கூட வந்தவள் அருள்மொழி. அதே ராமாமிர்தத்தின் பெண்தான். ஆறாம் வகுப்பிலிருந்து பயிற்சிப் பள்ளி வரைக்கும் இரண்டு பேரும் ஒரே பெஞ்சு. அப்பாக்கள் நடுவே வரப்பு இருந்தது, பெண்கள் நடுவே அது அவ்வளவாகத் தெரியவில்லை. பிரிசில்லா ஐந்து மாசம் மூத்தவள். அருள்மொழிக்கு அந்த ஞாயிற்றுக்கிழமையே திருவந்திபுரத்தில் கல்யாணம். மாப்பிள்ளை சென்னையில் கம்பெனி வேலை. நலங்கு வைத்த பெண் படி தாண்டக் கூடாது என்று வீட்டில் ஒரே ரகளை, அதையும் மீறி அழுது அடம்பிடித்து வந்திருந்தாள்.

ஆபீஸ் வாசலில் வரிசை தெரு முனை வரைக்கும் நின்றது. ஒரு நாளைக்கு நூற்றைம்பது டோக்கன்தான். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஓட்டமாக ஓடி இடம் பிடித்தவள் பிரிசில்லா, பின்னாலேயே மூச்சு வாங்க வந்து ஒட்டிக்கொண்டவள் அருள்மொழி. டோக்கன் கொடுத்துக்கொண்டு வந்த ஆள் பிரிசில்லா கையில் நூற்றைம்பதை வைத்துவிட்டு, “முடிஞ்சிபோச்சி, மத்தவங்க செவ்வாக்கெழம வாங்க. திங்கக்கெழம கோகுலாஷ்டமி லீவு,” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அருள்மொழி அங்கேயே சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். மருதாணிக் கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். “அவ்வளவுதான்டி. ஞாயித்துக்கெழமக்கி அப்புறம் யாரு என்ன வுடுவா? மாமியார் வேலைக்கே அனுப்ப மாட்டேன்னு சொல்லிக்கிட்டு இருக்காங்க. கார்டுன்னு ஒன்னு கையில இருந்தாலாச்சும் அவருகிட்ட சண்ட போடலாம்.”

டோக்கனைக் கொடு என்று அவள் கேட்கவில்லை. அதை மட்டும் யாரும் மாற்றிச் சொல்லக் கூடாது. பிரிசில்லா கொஞ்ச நேரம் அவளைப் பார்த்தாள், கையிலிருந்த துண்டுச் சீட்டைப் பார்த்தாள். சீட்டில் நம்பர் மட்டும்தான் இருந்தது, பேர் இல்லை. பஸ்ஸில் யார் நின்றாலும் எழுந்து இடம் விடுகிற பிறவி அவள். தெருக்குழாயில் குடத்தை வைத்துவிட்டு, “ஒனக்கு அவசரம்னா நீ புடிச்சிக்கக்கா,” என்பாள். அம்மா சின்னம்மாள் தலையில் அடித்துக்கொள்வாள். அந்தப் பழக்கத்தில்தான் கையும் நீண்டது.

“நீ போடி. நான் செவ்வாக்கெழம வந்து பதிஞ்சிக்கறேன். எனக்கென்னா, எனக்கா கல்யாணம்?”

அருள்மொழி ஒரு தடவை வேண்டாம் என்றாள். ஒரே ஒரு தடவை. அப்புறம் வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினாள். திரும்பி வரும்போது கையில் கார்டு, கண்ணில் தண்ணீர், பிரிசில்லாவைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை. சிதம்பரம் வரைக்கும் இரண்டு பேரும் ஒரே நிலக்கடலைப் பொட்டலத்தைத் தின்றுகொண்டு வந்தார்கள். பிரிசில்லாவுக்கு மனசு நிறைந்துதான் இருந்தது.

அந்த நிறைவு குமராட்சி ஸ்டாப் வரைக்கும்தான். மினி பஸ் நிற்கிற இடத்தில் லூர்துசாமி நின்றுகொண்டிருந்தார். மகளுக்காக மதியத்திலிருந்தே நிற்கிறாராம். “கார்டு எங்கம்மா?” என்று கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு நீட்டினார்.

அப்போதுதான் அவளுக்கு அவர் சொல்லி அனுப்பியது ஞாபகம் வந்தது. அந்த ஒரு வரிசையிலும் நான் இடத்தை விட்டுவிட்டேன் அப்பா, அதுவும் உங்க முதலாளி பெண்ணுக்கு விட்டுவிட்டேன் என்று எந்த வாயால் சொல்வது? அடிக்க மாட்டார், திட்டவும் மாட்டார். ‘காலம் பூரா நாமதான் வழி வுடணுமா’ என்று ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பயந்தாள். நாக்கில் எது முதலில் வந்து நின்றதோ அதைச் சொன்னாள்.

“சீல் அழிஞ்சிருக்குன்னு திருப்பி அனுப்பிட்டாங்கப்பா. எங்க பழைய ஸ்கூல் ஹெட்மாஸ்டர்கிட்ட கையெழுத்து வாங்கிக்கிட்டு செவ்வாக்கெழம வரச் சொன்னாங்க.”

லூர்துசாமி நீட்டிய கை கீழே போயிற்று. இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். “என் வேர்வதான்,” என்றார்.

“நாலு நாளுதானேப்பா.”

“ஆமாம், நாலு நாளுதான்,” என்றார் அவரும். செவ்வாய்க்கிழமை அவள் அதே காகிதத்தைத்தான் கொண்டுபோய்க் கொடுத்தாள். ஹெட்மாஸ்டராவது கையெழுத்தாவது. கவுண்டரில் இருந்தவர் சீலைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பதிந்து கார்டு கொடுத்தார். தேதி செப்டம்பர் ஏழு.

இதோடு முடிந்தது என்று அவள் நினைத்தாள். மனுஷர் விடவில்லை. அடுத்த சந்தையிலேயே கனமான பிளாஸ்டிக் கவர் ஒரு டஜன் வாங்கி வந்துவிட்டார். ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீது, ஞானஸ்நானச் சீட்டு, எல்லாம் கவருக்குள் போயிற்று. தெருவில் எவன் கையில் காகிதத்தைப் பார்த்தாலும், “இடுப்புல சொருவாத, நான் சொருவி எம்புள்ள பொழப்பக் கெடுத்தேன்,” என்று சொல்லி ஒரு கவரைக் கொடுப்பார். ஒருமுறை ஊக்கம் தாங்காமல் பக்கத்து வீட்டு உத்திராபதியின் சான்றிதழைச் சிதம்பரத்தில் லேமினேஷனே போட்டுக்கொண்டு வந்துவிட்டார். லேமினேஷன் போட்டால் செல்லாது என்று ஆபீசில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். தெருவே சிரித்தது. பிரிசில்லாவும் சிரித்தாள், அப்புறம் உள்ளே போய்த் தனியாக உட்கார்ந்தாள்.

மறுவருஷம் செப்டம்பரில் அவர் காவி கட்டிக்கொண்டு வேளாங்கண்ணிக்கு நடந்தார். எங்கள் பக்கத்தில் இது ஒன்றும் புதுசு இல்லை. மாதா திருவிழாவுக்கு மூன்று நாள், நாலு நாள் நடந்தே போகிற கூட்டம் ரோடு முழுக்கப் போகும். ஆனால் லூர்துசாமி செருப்பில்லாமல் நடந்தார். “வேல வரணும்னு வேண்டுதலாப்பா?” என்று கேட்டதற்கு, “ஆமாம்மா,” என்றார். அதற்குமேல் அவளும் கேட்கவில்லை. வருஷா வருஷம் போனார்.

வருஷங்கள் போயின. பிரிசில்லா சிதம்பரத்தில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தாள். எல்.கே.ஜி. குழந்தையைக்கூட ரேங்க் பிரகாரம் நிற்க வைக்கிற பள்ளிக்கூடம் அது. பெண் கேட்டு வந்தவர்களிடம் லூர்துசாமி, “கவர்மெண்ட் டீச்சரா கட்டிக் குடுக்கறேன், கொஞ்சம் பொறுங்க,” என்பார். வந்தவர்கள் எத்தனை நாள் பொறுப்பார்கள்? வேறு வீட்டுக்குப் போனார்கள்.

2010-ல் கூப்பிட ஆரம்பித்தார்கள். அருள்மொழிக்கு ஆர்டர் வந்துவிட்டது. கிள்ளை பக்கத்தில் ஒரு தொடக்கப் பள்ளி. பிரிசில்லாவுக்கு வரவில்லை. செப்டம்பர் மூன்றாம் தேதி பதிந்தவர்கள் வரைக்கும் எடுத்தார்களாம், அதோடு அந்த வருஷத்துப் பட்டியலை மூடிவிட்டார்கள். சரி, அடுத்த பட்டியலில் முதல் ஆளாக வருவோம் என்று இருந்தாள். அடுத்த பட்டியல் வரவேயில்லை. சீனியாரிட்டி கிடையாது, இனிமேல் பரீட்சைதான் என்று சட்டத்தையே மாற்றிவிட்டார்கள். ஏழு வருஷமாக வரிசையில் நின்றவளைப் பார்த்து, வரிசையே கலைந்துவிட்டது, ஓடு என்றால் எப்படி இருக்கும்?

அருள்மொழிக்கு ஆர்டர் வந்த செய்தியை லூர்துசாமி வயலில் வேலை செய்துகொண்டிருந்தபோது ராமாமிர்தம் வாயாலேயே கேட்டார். ஸ்வீட்டும் கொடுத்தாராம். வீட்டுக்கு வந்து, மண்வெட்டியைச் சாத்திவிட்டு, மகளைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

“ரெண்டு பேரும் ஒரே நாளுதான போனீங்க?”

“ஆமாம்பா.”

“நீ மூத்தவ. அன்னிக்கே பதிஞ்சிருந்தா அந்தப் பாப்பாவுக்கு முன்ன ஒனக்கு வந்திருக்கும். இல்ல?”

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

“அப்போ நான்தான்,” என்றார். எழுந்துபோய் மாட்டுக்கு வைக்கோல் போட்டார்.

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறந்தாளா? இல்லை. ஊருக்கெல்லாம் இரக்கப்படுகிறவளுக்குப் பெற்ற அப்பன் முன்னால் ஒரு நிஜத்தைச் சொல்ல நெஞ்சு வரவில்லை. இப்போது சொன்னால் வேலை போன துக்கத்தோடு இதுவும் சேர்ந்து அவரைக் கொன்றுவிடும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். சமாதானம் சொல்லிக்கொள்ள யாருக்குத்தான் தெரியாது?

அருள்மொழிமேல் அவளுக்குக் கோபம் வரவில்லையா என்று கேட்டால், வந்தது. நன்றாகவே வந்தது. ஆர்டர் வந்ததை ஒரு போன் போட்டுச் சொல்லவில்லையே என்று பொருமினாள். தெருவில் நாலு பேரிடம் டோக்கன் கதையைச் சொல்லிவிட்டால் போதும், அந்தப் புது டீச்சர் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. சொல்லவில்லை. கொடுத்ததைச் சொல்லிக்காட்டினால் கொடுத்ததற்கு அர்த்தமே இல்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். அந்த அடக்கத்தில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. அந்தப் பெருமைக்கும் சேர்த்து வட்டி கட்டினது லூர்துசாமி.

அவருக்குச் சர்க்கரை இருப்பது 2009-லேயே தெரிந்துவிட்டது. வெறுங்காலோடு நடக்கக் கூடாது என்று டாக்டர் தலைபாடாக அடித்துக்கொண்டார். ஆர்டர் செய்தி வந்த வருஷம் நடந்தார். அதற்கு அடுத்த வருஷமும் நடந்தார். 2011-ல் காரைக்கால் தாண்டி எங்கேயோ உள்ளங்காலில் ஒரு கருவேல முள். ஏறியதே தெரியவில்லையாம், உணர்ச்சி இருந்தால்தானே? திரும்பி வந்தபோது வெள்ளைத் துணியைச் சுற்றிக்கொண்டு வந்தார். மாசிக்குள் இரண்டு விரலை எடுத்தார்கள். ஆறவில்லை.

2012 ஜூலையில் பிரிசில்லா புதுப் பரீட்சை எழுதினாள். நூற்றைம்பதுக்குத் தொண்ணூறு வேண்டும். எண்பத்து நாலு வந்தது. அப்பாவிடம் சொன்னபோது அவர் தன் காலைப் பார்த்தார். “ஒனக்கு இந்தப் பரீச்சையே வந்திருக்க வேண்டாம்மா,” என்றார். ஆகஸ்ட் கடைசியில் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தார்கள். சிதம்பரத்தில்தான். விஷம் அதற்கு முன்னாலேயே மேலே ஏறிவிட்டிருந்தது.

காலை எடுத்த மூன்றாம் நாள், கட்டிலுக்குப் பக்கத்தில் சின்னம்மாள் அழுதுகொண்டே மகளிடம் ஒன்று சொன்னாள். “அந்த மனுசன் வேல வேணும்னா மாதாகிட்ட நடந்தாரு? நீ அப்பிடி நெனச்சிக்கிட்டா இருக்க? நான் எடுத்தத திருப்பிக் குடுத்துடு தாயேன்னு நடந்தாருடி. எம்புள்ளகிட்ட இருந்து நாலு நாள எடுத்துட்டேன், அத மட்டும் திருப்பிக் குடுன்னு. ஏழு வருசம் அதேதான். ஒங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு.”

பிரிசில்லா எழுந்தாள். வெளியே வராண்டாவில் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தக் காலை வெட்டினது டாக்டர் இல்லை, நான்தான் என்று அவளுக்கு அப்பட்டமாகத் தெரிந்தது. கடலூரில் ஒரு சிநேகிதி அழுததைப் பார்க்கப் பொறுக்காதவள், குமராட்சியில் நின்றவரை ஏழு வருஷம் நடக்கவிட்டிருக்கிறாள்.

அன்று சாயந்திரமே அருள்மொழி வீட்டுக்குப் போனாள். வேலை கிடைத்ததும் சிதம்பரத்துக்கே வந்து மாடி வீடு எடுத்திருந்தார்கள். அருள்மொழி ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள், அப்பா எப்படி இருக்கிறார் என்று உண்மையான அக்கறையோடுதான் கேட்டாள். பிரிசில்லா விஷயத்தைச் சொன்னாள்.

“நான் சொன்னா நம்புவாரான்னு தெரியலடி. இத்தினி வருசம் கழிச்சிச் சொல்றேன். நீ வந்து ஒரு வார்த்த சொல்லு. டோக்கன் அவதான் குடுத்தான்னு சொல்லு. வேற ஒன்னும் வேணாம்.”

அருள்மொழி உள்ளே ஒரு தடவை பார்த்தாள். மாமியார் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தாள். அருள்மொழி குரலைத் தாழ்த்தினாள். “எங்க அப்பாவுக்கு இது தெரியாதுடி. எங்க வீட்டுக்காரருக்கும் தெரியாது. தெரிஞ்சா, இந்த வேல ஒன்னுதுன்னு ஊரே பேசும். நான் எங்க போயி மூஞ்சிய வச்சிக்கறது?”

“ஊருக்குத் தெரியாது. எங்க அப்பாவுக்கு மட்டும்தான்.”

“சரி. ஞாயித்துக்கெழம வரேன்,” என்றாள் அருள்மொழி. காபி குடித்துவிட்டுப் போகச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க பிரிசில்லா ஆஸ்பத்திரி வாசலுக்கும் வார்டுக்கும் நடந்தாள். அருள்மொழி வரவில்லை. பிரிசில்லா போட்ட போன் அடித்துக்கொண்டே இருந்தது, அவள் எடுக்கவில்லை. அவளைத் திட்டவும் பிரிசில்லாவுக்குத் தெம்பில்லை. நாமும்தான் எட்டு வருஷம் பயந்துகிடந்தோம், அவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை பயந்ததற்கு என்ன சொல்ல முடியும்?

திங்கட்கிழமை காலை டாக்டர் சின்னம்மாளைத் தனியாகக் கூப்பிட்டு, சொந்தக்காரர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்றார். லூர்துசாமி தெளிவாகத்தான் இருந்தார். மூன்று நாளாகத் தண்ணீரைத் தவிர எதையும் வாயில் வைக்கவில்லை, அவ்வளவுதான். கீழே ரோட்டில் காவி கட்டிய கூட்டம் ஒன்று பாடிக்கொண்டு தெற்கே போனது. அதையே கேட்டுக்கொண்டு படுத்திருந்தார்.

பிரிசில்லா கட்டில் ஓரம் உட்கார்ந்தாள். “அப்பா, ஒங்ககிட்ட ஒன்னு சொல்லணும்.”

“சொல்லும்மா.”

சொன்னாள். ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னாள். நூற்றைம்பதாம் டோக்கனைச் சொன்னாள், அருள்மொழி சுவரோரம் உட்கார்ந்து அழுததைச் சொன்னாள், தான் சீட்டை நீட்டியதைச் சொன்னாள். “அந்த சீல யாரும் பாக்கவே இல்லப்பா. எந்த ஹெட்மாஸ்டர்கிட்டயும் நான் போவல. அதே காயிதத்தத்தான் செவ்வாக்கெழம குடுத்தேன், வாங்கிக்கிட்டாங்க. நீங்க ஒன்னும் பண்ணல. நான்தான் பண்ணேன். ஒங்களுக்குப் பயந்துகிட்டுப் பொய் சொன்னேன்.” சொல்லி முடிப்பதற்குள் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

லூர்துசாமி அவளையே பார்த்தார். கோபம் வரும் என்று காத்திருந்தாள். வரட்டும் என்று ஏங்கினாள். எட்டு வருஷத்துக்கும் சேர்த்துக் கையை ஓங்கி ஒரு அறை விட்டால்கூட முத்தமிட்டு வாங்கிக்கொண்டிருப்பாள். அவர் முகத்தில் மெதுவாகச் சிரிப்பு வந்தது.

“சின்னம்மா, இங்க வா,” என்று மனைவியைக் கூப்பிட்டார். “கேளு, ஒம்மவ சொல்றத. நான் போவப்போறேன்னு தெரிஞ்சி எம்மனசுக்கு மருந்து போடுது.”

“மருந்து இல்லப்பா. சத்தியமா…”

“சத்தியம் பண்ணாத. எனக்காகப் பொய்ச் சத்தியம் பண்ணி நீ பாவத்தக் கட்டிக்க வேணாம்.” அவள் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். “எனக்கு ஒன்னத் தெரியாதா? ஊருக்கெல்லாம் நீ எடம் வுடுவ, வுட்டுட்டுப் போ. அந்த லைன்ல வுட மாட்ட. அப்பன் என்னா சொல்லி அனுப்பினேன்னு தெரிஞ்ச புள்ள நீ. அதுவும் ராமாமிர்தம் ஊட்டுப் பொண்ணுக்கா வுடுவ? அப்பிடி நீ செய்வியா? செய்ய மாட்ட. எம்மவ அப்பிடி இல்ல.”

இன்னும் என்னத்தைச் சொல்வது? அந்தத் துண்டுச் சீட்டு இருக்கிறதா காட்ட? வந்து சொல்ல வேண்டியவள் வரவில்லை. அம்மா முகத்தைப் பார்த்தாள். சின்னம்மாளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நல்ல பிள்ளையைப் பெற்றோம் என்கிற முகத்தோடு நின்றாள்.

“நீ இவ்வளவு தூரம் வந்துட்ட, நானே கேட்டுடறேன்,” என்றார் லூர்துசாமி. மூச்சு வாங்கியது. “எட்டு வருசமா கேக்கணும்னு இருந்தேன். பெத்த புள்ளகிட்ட எப்பிடிக் கேக்கறதுன்னு வெக்கமா இருந்துச்சி. அந்தக் காயிதத்த இடுப்புல சொருவுனதுக்கு என்ன மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லிடும்மா. ஒன் வாயால கேட்டுட்டாப் போதும்.”

“நீங்க ஒன்னும் செய்யலப்பா.”

“பாத்தியா, மறுபடியும். அந்தக் கதையெல்லாம் வேணாம். மன்னிச்சிட்டேன்னு சொல்லு.”

அவர் பிடியில் பலமே இல்லை, ஆனாலும் விடவில்லை. சின்னம்மாள், “சொல்லுடி, அவரு கேக்கறாரு இல்ல, சொல்லித் தொலடி,” என்று தோளைத் தொட்டாள். பிரிசில்லா அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அவர் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மன்னிச்சிட்டேன்பா,” என்றாள்.

லூர்துசாமி கண்ணை மூடிக்கொண்டு நீளமாக ஒரு மூச்சு விட்டார். அப்புறம் கண்ணைத் திறந்து, “கொஞ்சம் கஞ்சி இருந்தா குடு, பசிக்குது,” என்றார். சின்னம்மாள் தூக்கைத் திறந்து ஆற்றிக் கொடுத்தாள். பிரிசில்லாதான் ஸ்பூனால் ஊட்டினாள். ஒவ்வொரு வாய்க்கும் அவர் நன்றியோடு அவளைப் பார்த்தார்.